வெப்சைட் போட்டு ஆறு மாதம் ஆகிறது, ஒரு போன்கூட வரவில்லை. மூடிவிடலாமா?

ஊசிநூல்:
வணக்கம். தையல் மெஷின் பழுது பார்க்கும் தொழில், நானும் ஒரு உதவியாளரும்தான். மற்றவர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்களே என்று நானும் ஒரு வெப்சைட் போட்டேன். செய்து கொடுத்தவர் "இனிமேல் கூகுளே ஆள் அனுப்பும்" என்றார். இன்று வரை அதைப் பார்த்து ஒருவர்கூட அழைக்கவில்லை. கேட்டால் தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் எஸ்இஓ வேலைக்குத் தனியாகப் பணம் கட்டுங்கள், முதல் பக்கம் நிச்சயம் என்கிறார். மைத்துனரோ பேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப்பும் போதும், வெப்சைட்டை மூடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பழையசர்வர்:
முதலில் ஒரு சின்ன சோதனை. கூகுளில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் அநேகமாக உங்கள் தளம் கூகுளின் கணக்கிலேயே இல்லை, அப்புறம் எப்படி ஆள் வரும்? வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளம் என்றால் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில், தேடுபொறிகள் வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் இருக்கும். வேலை நடக்கும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள், நானே மறந்திருக்கிறேன்.

முதல் பக்கம் நிச்சயம் என்பது கதை. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மெட்டா கீவேர்ட், அதாவது பக்கத்துக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்கள், போடுவேன் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள், அதை வரிசைப்படுத்தப் பார்ப்பதில்லை என்று 2009லேயே கூகுள் சொல்லிவிட்டது. தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோல் இலவசம், தளம் உங்களுடையது என்று அதில் உறுதி செய்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுங்கள்.

மழைக்காகிதம்:
மைத்துனர் சொல்வதில் பாதி சரி. அக்கம்பக்கத்து ஆட்களை நம்பிய தொழிலுக்கு முதலில் வேண்டியது மேப்பில் சரியான இடமும் நேரமும் நம்பரும். ஆனால் அது மட்டும் போதும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் போல விழுந்து கிடந்தன. அன்று எனக்கு வேறு முகவரியே கிடையாது, ஆர்டர் கொடுத்தவர்கள் கடையை மூடிவிட்டேன் என்றே நினைத்துவிட்டார்கள். மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் கணக்கோடு இலவசமாக ஒரு குட்டி வெப்சைட் கொடுத்தார்களே, அதையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

கணக்குப்புலி:
எல்லாரும் கூகுளையே பேசுகிறீர்கள். ஊசிநூல் அண்ணா, டொமைன், அதாவது தளத்தின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது? காசு நான் கொடுத்தேன், அதனால் அது என்னுடையது என்று நானும் நினைத்திருந்தேன். செய்து கொடுத்தவர் தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவருக்கே போனது, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், ஒருநாள் காலையில் என் முகவரியில் யாரோ விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டாட் காம் காலாவதியான அன்றே கைவிட்டுப் போவதில்லை. பதிவு நிறுவனம் அழித்த பிறகும் 30 நாள் மீட்க வழி உண்டு, கட்டணம்தான் கூட. அதற்குப் பிறகு 5 நாள், அவ்வளவுதான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மீட்கச் சொல்லவும் பதிவுக் கணக்கு நம் கையில் இருக்கவேண்டுமே! விசிட்டிங் கார்டு, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அந்த முகவரிதான் அச்சடித்து வைத்திருந்தேன்.

பழையசர்வர்:
இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஒற்றைப்புள்ளி:
இன்னொன்று. தளத்தை உங்கள் போனில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் வழுக்கி ஓடும் படங்கள், ஹெட்போன் மாட்டிச் சிரிக்கும் யாரோ ஒரு பெண், "தரமே எங்கள் தாரக மந்திரம்". வருகிறவருக்கு வேண்டியது அதுவா? எந்த மெஷின் எல்லாம் பார்ப்பீர்கள், வீட்டுக்கு வருவீர்களா, எத்தனை நாள் ஆகும், எந்த நம்பருக்கு அழைக்க வேண்டும். கூகுளும் இப்போது போனில் தெரிவதைத்தான் படிக்கிறது. முகவரிக்கு முன்னால் பூட்டு வந்துவிட்டதால் தளம் நல்ல தளம் என்று ஆகிவிடாது, போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும், அதற்கும் தனி பில் போட்டிருந்தால் கேளுங்கள்.

ஊசிநூல்:
எல்லாருக்கும் நன்றி. தேடிப் பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை. அந்த டிக் அப்படியே இருந்தது, எடுத்துவிட்டேன். டொமைன் அவர் பெயரில்தான். மாற்றிக் கொடுங்கள் என்றதும் குரலே மாறிவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார், நான் விடுவதாக இல்லை. போனிலும் திறந்தேன். என் நம்பர் படத்துக்குள் இருக்கிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அதிலும் கடைசி இலக்கம் தப்பு.