பெர்சிவல் பைபிள் பழைய பிரதி யாரிடமாவது உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் நல்லூரில் நாலைந்து பேர் சேர்ந்து மாதமொரு புத்தகம் வாசித்துக் கதைப்போம். இம்முறை பிலிப் கே. டிக் எழுதி 1962இல் வெளிவந்த 'தி மேன் இன் தி ஹை காசில்' நாவல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்ற உலகம். அந்த உலகத்துக்குள்ளே ஒருவர் நாவல் எழுதுகிறார், அதில் நேச நாடுகள் வெல்கின்றன! ஆனால் அதுவும் நம்முடைய வரலாறு இல்லை. போருக்குப் பிறகு பிரிட்டன்தான் ஓங்கி நிற்கிறது. ஜெர்மனியின் பிடியிலுள்ள இடங்களில் அந்த உள்நாவலுக்குத் தடை, ஜப்பானியர் பகுதியில் தாராளமாக வாசிக்கலாம். (இதைத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது அந்த உள்நாவலைப் படச்சுருளாக்கிவிட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த உள்நாவலின் பெயர் 'தி கிராஸ்ஹாப்பர் லைஸ் ஹெவி'. பிரசங்கி 12:5இலிருந்து வந்தது. இப்போது புழங்கும் தமிழ் பைபிளில் 'வெட்டுக்கிளியும் பாரமாகி' என்று இருக்கிறது. தமிழில் குறிப்பு எழுதும் எனக்கு 'வெட்டுக்கிளி பாரமாகும்' என்று வைக்க ஆசை, ஆனால் மனம் முழுதாக ஒப்பவில்லை.

பீட்டர் பெர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு இங்கே மொழிபெயர்த்து 1850இல் அச்சான பைபிளில் இந்த வரி எப்படி இருக்கிறது? வட்டுக்கோட்டை, தெல்லிப்பழைப் பக்கம் பழைய வீட்டு அலுமாரிகளில் ஒரு பிரதி கிடக்கலாம். அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்துக் கீழே போட்டுவிடுங்கோ. தாள் பொடிந்துபோகிற நிலையென்றால் திறக்க வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன்.