டோக்கியோவில் சில வாரம் வேலைக்குப் போனவர்கள்: இன்னும் மனசை அரிக்கும் ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கடைசிரயில்:
ஆறு வாரம். கிளையன்ட் ஆபீஸில் உட்கார்ந்து டேட்டா மைக்ரேஷன். ஊர் எப்படி, ரயில் எப்படி என்பதெல்லாம் போனவர்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு மறக்க முடியாதது ஒரு துண்டுச்சீட்டு.

மூன்றாவது வாரம், காலை நேரக் கூட்டம். ரயில் நடுவழியில் நின்றது. அறிவிப்பில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இறங்கியதும் எல்லாரும் வேகமாக நடந்தார்கள், நானும் நடந்தேன். கேட் பக்கத்தில் ஒரு ஊழியர் குனிந்து குனிந்து சின்னச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். ஏதோ விளம்பர நோட்டீஸ் என்று நினைத்து, வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆபீஸில் ஒன்பது மணிக்கு நின்றபடி ஒரு கூட்டம் நடக்கும். 14 நிமிடம் தாமதமாக உள்ளே நுழைகிறேன். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேர் டீம் லீடர் மேசையில் அதே சீட்டை வைத்துவிட்டு ஒதுங்குகிறார்கள். சியென் ஷோமேஷோ, ரயில் தாமதச் சான்று. அப்போதுதான் உறைத்தது. லீடர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸ்டேஷனில் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை."

என் பக்கத்து இருக்கைப் பெண், வயது ஐம்பது இருக்கும், அப்போதுதான் எனக்குப் பின்னால் உள்ளே வந்தார். கையில் இரண்டு சீட்டு. ஒன்றைத் தன் பெயருக்கு வைத்தார், இன்னொன்றை என் பெயருக்கு. என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டில் எனக்குப் பின்னால்தான் வந்திருக்கிறார். நான் கையை ஆட்டியதைப் பார்த்துவிட்டு எனக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார். நான் சொன்ன பொய்யையும் கேட்டுக்கொண்டேதான் வந்திருப்பார்.

அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

வெண்பலகை:
எனக்கு ஒரு சத்தம். பல்லிடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிற "ஸ்ஸ்ஸ்" சத்தம்.

நாலு வாரப் பயணம், இரண்டாவது வார இறுதியில் டெமோ. நான் வெண்பலகையில் படம் போட்டு, அடுத்த கட்டத்தையும் எங்களிடமே கொடுங்கள் என்று கேட்டேன். கிளையன்ட் பக்கத்து மேலாளர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தச் சத்தத்தை எழுப்பி, "முஸுகாஷீ தேஸு நே" என்றார். கொஞ்சம் கஷ்டம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். கஷ்டம்தானே, முடியாது என்று சொல்லவில்லையே! நான் விடவில்லை, தேதியோடு இன்னொரு முறை விளக்கினேன். அவர் சிரித்தபடி "கென்தோ ஷிமாஸ்" என்றார். பரிசீலிக்கிறோம். மொழிபெயர்ப்பாளரின் பேனா ஒரு நொடி நின்றது. அந்த நொடி எனக்கு இன்றைக்கும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

அன்று இரவே ரிப்போர்ட்டில் பச்சை நிறம் போட்டு, "கொள்கை அளவில் சம்மதம்" என்று எழுதினேன். அதை நம்பி எங்கள் பக்கம் மூன்று பேரை ஒதுக்கி வைத்தார்கள். பதினோரு நாள் கழித்துதான் தெரிந்தது, அது பரிசீலனை இல்லை, அதுவே பதில். இரண்டு தடவை முடியாது என்று சொல்லியிருக்கிறார், மூன்றாவது தடவையும் என்னைச் சொல்ல வைத்துவிடாதே என்று சிரித்திருக்கிறார்.

அங்கே முடிவு கூட்டத்தில் நடப்பதில்லை. அதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி முடித்துவிடுவார்கள், நெமாவாஷி என்பார்கள். மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நடுவதற்கு முன் வேரைச் சுற்றிப் பக்குவப்படுத்துகிற தோட்ட வேலையின் பெயர் அது. நான் வேரைத் தொடாமலே மரத்தைப் பிடுங்கப் போயிருக்கிறேன்.

பத்துவருஷம்:
கடைசிரயில் நண்பரே, தப்பாக நினைக்காதீர்கள், இந்தச் சீட்டை ஒரு கவிதை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது அன்பு இல்லை, ஆபீஸ் நடைமுறை. தாமதக் கணக்கு குழுவில் எல்லாருக்கும் தலைவலி, அதனால் வாங்கி வந்திருப்பார். அதோடு அந்தச் சான்று இப்போது ரயில் நிறுவனங்களின் இணையதளத்திலேயே கிடைக்கும், அச்சிட்டுக் கொடுத்தால் போதும். நீங்கள் அன்று பதறியிருக்கவே வேண்டாம்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். காலை ஏழே முக்காலில் இருந்து எட்டே முக்கால் வரை ரயில் ஏறாதீர்கள். தோசாய் என்ற மெட்ரோ லைனில் கிபா, மொன்ஸென்-நகாச்சோ ஸ்டேஷன்களுக்கு நடுவே 2019 கணக்குப்படி 199 சதவீத நெரிசல், அதாவது கொள்ளளவைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு; அந்த வருஷம் நாட்டிலேயே அதுதான் முதல் இடம். அரை மணி முன்னால் கிளம்பி ஆபீஸ் பக்கத்தில் காபி குடியுங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள், போனில் பேசாதீர்கள். டிப்ஸ் வைக்காதீர்கள், பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். சைவம் என்றால் "மீன் இல்லை" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை, தாஷி இல்லாமல் என்று கேளுங்கள், சூப்புக்கு அடிப்படையாக ஊற்றும் அந்தச் சாற்றிலேயே மீன் இருக்கும். ஜலதோஷ மாத்திரை கொண்டு போகும் முன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சூடோஎபிட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் நாட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. குப்பை காலை எட்டு மணிக்குள் வெளியே இருக்க வேண்டும், முந்தின இரவே வைத்தால் காக்கை கிழித்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மூடி தனி, லேபிள் தனி, உள்ளே அலச வேண்டும்.

என் சொந்த அனுபவம்? நான் வைத்த குப்பைப் பை மறுநாள் ஒரு ஸ்டிக்கரோடு அங்கேயே கிடந்தது. எடுத்து வந்து பிரித்தேன். வேறொன்றும் இல்லை.

கடைசிரயில்:
பத்துவருஷம் சார், நடைமுறை என்றால் அவருக்கு ஒரு சீட்டு போதுமே. இரண்டாவது எதற்கு? சரி, விடுங்கள். நான் அன்பு என்றும் எழுதவில்லை.

பழையசைக்கிள்:
காபி குடிப்பதெல்லாம் இருக்கட்டும், பாஸ்போர்ட்டைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். நானே சொல்கிறேன்.

குறுகிய கால விசாவில் போனவர்கள் பாஸ்போர்ட்டை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும். சட்டம். இல்லையென்றால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். கூட வேலை செய்த ஜப்பானியர் முதல் நாளும் சொன்னார், தன் சைக்கிளை எனக்கு இரவல் கொடுத்த அன்றும் சொன்னார். தொலைந்துவிடுமே என்று நான் அறையிலேயே வைத்துவிட்டேன்.

இரவு பதினோரு மணிக்கு மேல், ஆற்றங்கரைச் சாலையில் இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. சைக்கிளில் ஒட்டியிருந்த பதிவு எண்ணை வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அங்கே சைக்கிளுக்கும் பதிவு கட்டாயம். பெயர் என்னுடையது இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை, மொழியும் இல்லை. சைக்கிள் கொடுத்தவருக்குப் போனைப் போட்டேன். அவர் டாக்ஸி பிடித்து வந்தார், வீட்டில் போடும் அரைக்கால் சட்டை, செருப்பு. வந்ததும் போலீஸிடம் முழுசாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார், நான் சரியாகச் சொல்லி வைக்கவில்லை, என் தவறு என்று. எனக்கு "ஸுமிமாஸென்" மட்டும் புரிந்தது. மீதி என்ன சொன்னார் என்று நான் மறுநாள் வேறொருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு தடவை சொல்லியிருந்தார் ஐயா அந்த மனுஷன். மறுநாளும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சைக்கிள் பிரேக் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

நாலாவதுமாடி:
என்னுடையது சின்னது. பிற்பகல், கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அறையில் இருந்த எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறியது. நிலநடுக்க எச்சரிக்கை. கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும், விவரிக்க வேண்டியதில்லை. நான் லேப்டாப்பைக்கூட எடுக்காமல் படியை நோக்கி ஓடினேன். தரையிறங்கி வெளியே நின்றால், நான் மட்டும்தான் நிற்கிறேன். மேலே நிமிர்ந்தால் ஜன்னலில் யாரும் இல்லை. எல்லாரும் மேசைக்குக் கீழே.

திரும்பிப் போய் உட்கார்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் மேசைக்கு அடியில் இருந்த பையை வெளியே இழுத்துக் காட்டினார். தண்ணீர், பிஸ்கட், டார்ச், ஒரு ஜோடி ஓடுகிற ஷூ. 2011 மார்ச் 11 பெரிய நிலநடுக்கத்தன்று ரயில் எல்லாம் நின்று, ஆபீஸ் ஷூவோடு ஐந்து மணிநேரம் நடந்து வீடு போனாராம். அதற்கப்புறம் வைத்ததாம். டோக்கியோவில் 2013 ஏப்ரலில் இருந்து இதற்கு ஒரு விதியே உண்டு: பெரிய நிலநடுக்கம் வந்தால் ஊழியரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் ஆபீஸிலேயே தங்க வைக்க வேண்டும், மூன்று நாளுக்கான தண்ணீரும் உணவும் இருப்பு வைக்க வேண்டும். நான் ஓடியது கண்ணாடி விழக்கூடிய தெருவுக்கு. "வெளியேதான் ஆபத்து" என்று அவர் மெதுவாக, எனக்குப் புரியும் ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்று இரவு அறைக்கு வந்தால் காஸ் எரியவில்லை. வீடு இடிந்த மாதிரி பயந்துபோய் காஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். நடுக்கம் ஐந்தாம் அளவை ஒட்டி வந்தால் மீட்டர் தானே மூடிக்கொள்ளும், வெளியே போய் பொத்தானை அழுத்தி மூன்று நிமிடம் பொறுத்தால் போதும் என்றார்கள். அங்கே அளவு ரிக்டர் இல்லை, ஷிந்தோ, நாம் நிற்கும் இடத்தில் எவ்வளவு ஆடியது என்பது. பூஜ்யத்தில் இருந்து ஏழு வரை, ஆனால் ஐந்தும் ஆறும் பலவீனம், பலம் என்று இரண்டாகப் பிரிவதால் மொத்தம் பத்துப் படி. இதை நான் போகும் முன்பே படித்திருக்கலாம். படித்தது எல்லாம் எங்கே நல்ல ராமென் நூடுல்ஸ் கிடைக்கும் என்றுதான்.

பத்துவருஷம்:
மீட்டர் விஷயம் நல்ல தகவல். அதோடு கதவையும் உடனே திறந்து வைக்க வேண்டும், கதவின் நிலைச்சட்டம் கோணிவிட்டால் திறக்காது. இன்னொன்று

பழையசைக்கிள்:
சார், ஒரு நிமிஷம். கடைசிரயில், அந்த அம்மாவிடம் அப்புறம் உண்மையைச் சொன்னீர்களா?

கடைசிரயில்:
இல்லை. கடைசி நாள் போய்ச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஜப்பானிய மொழியில் இரண்டு வரி எழுதி மனப்பாடம்கூடச் செய்திருந்தேன். அன்றைக்கு அவர் லீவு. நாலாவதுமாடி சொன்ன மாதிரி அவர் மேசைக்கு அடியிலும் ஒரு பை, ஒரு ஜோடி ஷூ. ஆறு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அதை அன்றுதான் பார்த்தேன்.