‘த நோவிஸ்’ பார்த்த பிறகு எங்கள் குடும்பக் குழுவில்

சித்தி: நேற்று ராத்திரி ‘த நோவிஸ்’ பார்த்து முடித்தேன். 2021இல் வந்த அமெரிக்கப் படம். கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்த ஒரு பெண், துடுப்புப் படகு அணியில் புதுமுகமாகச் சேருகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. வேறு யாராவது பார்த்தீர்களா?

நான்: பார்த்தேன் சித்தி. அலெக்ஸ் டால் என்கிற அந்தப் பெண்ணாக இசபெல் ஃபுர்மன் நடித்திருப்பார். நியூயார்க்கில் நடக்கும் ட்ரைபெக்கா திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதும் வாங்கினார். முழுத் தகுதியான விருது.

மாமா: விளையாட்டுப் படம்தானே? கடைசியில் கோப்பை வாங்குவாள், எல்லாரும் கை தட்டுவார்கள்.

சித்தி: இல்லை அண்ணா. கோப்பை அதில் ஒரு பொருட்டே இல்லை. முதன்மை அணியில் இடம் பிடிக்க வேண்டும், அதுதான் அவளுக்கு எல்லாம். கை முழுக்கக் கொப்புளம் வெடித்து ரத்தம் வருகிறது, நிறுத்த மாட்டேன் என்கிறாள்.

மாமா: வெறி இல்லாமல் யாரம்மா ஜெயித்தார்கள்? பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான்.

அண்ணன்: மாமா, மற்ற விளையாட்டுக்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தலாம். துடுப்பு வேறு. எட்டுப் பேர் ஒரே நொடியில் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி ஒரே நொடியில் எடுக்க வேண்டும். ஒருத்தி மட்டும் ஆவேசமாக வலித்தால் படகு வேகமாகப் போகாது, ஆடும். வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். எல்லைக்கோடு கண்ணில் படாது. எட்டுப் பேர் படகில் வழி பார்த்துக் குரல் கொடுப்பது காக்ஸ். அவரை நம்பி, முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்து வலிக்க வேண்டும். அலெக்ஸுக்கு யாரையும் நம்ப வராது. என் பார்வையில் படத்தின் மையமே அந்த முரண்தான்.

தங்கச்சி: அண்ணா, அப்புறம் எப்படி ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள்? எட்டுப் பேரில் யார் நன்றாக வலிக்கிறார் என்று எப்படித் தெரியும்?

அண்ணன்: நல்ல கேள்வி பாப்பா. முதலில் எர்க். கரையில் இருக்கிற துடுப்பு இயந்திரம். 2000 மீட்டர் வலித்தால் நேரம் திரையில் வந்துவிடும், ஒளிக்க முடியாது. ஆனால் எர்க்கில் கெட்டிக்காரர் தண்ணீரில் சொதப்பலாம். அதற்காக சீட் ரேஸ் வைப்பார்கள். இரண்டு படகுகளை ஓடவிட்டு இடைவெளியைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு படகுக்கு ஒருவராக இரண்டு பேரை மட்டும் இடம் மாற்றி உட்காரவைத்து மறுபடி ஓட்டுவார்கள். இடைவெளி எவ்வளவு மாறியது என்பதை வைத்து அந்த இருவரில் யார் மேல் என்று முடிவு செய்வார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்த தோழியை அளக்கிற பரீட்சை அது. பொல்லாதது.

தங்கச்சி: அம்மாடி.

சித்தி: படகே பார்க்காதவளை எப்படிக் கல்லூரி அணியில் சேர்த்துக்கொள்கிறார்கள்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

நான்: அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது சித்தி. 1972இல் வந்த டைட்டில் நைன். அரசு நிதி வாங்கும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. விளையாட்டிலும் அது பொருந்தும். அமெரிக்கக் கால்பந்துக்கு மட்டும் ஆண்கள் பெரிய கூட்டமாக இருப்பார்கள். பெண்கள் பக்கம் அதை ஈடுகட்ட, நிறையப் பேர் சேரக்கூடிய துடுப்பு அணி கல்லூரிகளுக்கு வசதியானது. 1997 முதல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளைக் கவனிக்கும் அமைப்பான என்சிஏஏ பெண்களுக்குத் துடுப்பு சாம்பியன்ஷிப் நடத்துகிறது. பள்ளியில் துடுப்பு தொட்டவர்கள் குறைவு என்பதால் புதுமுகங்களைச் சேர்த்துப் பழக்குகிற வழக்கம் வந்தது.

சித்தி: அப்படியா! அலெக்ஸோடு சேருகிற இன்னொரு புதுமுகம், அந்த ஜேமி பாத்திரத்துக்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது.

நான்: ஆமாம். ஜேமிக்கு அந்த இடம் கிடைத்தால்தான் உதவித்தொகை. அலெக்ஸுக்குப் படிப்புக்கான பணம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஒருத்திக்குப் பிழைப்பு, இன்னொருத்திக்குத் தன்னோடு சண்டை. இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு மோதுகிறார்கள். எனக்கு ஜேமி மேல்தான் மனசு போனது.

மாமா: சரி, அந்தப் பெண்ணை விரட்டுவது யார்? பயிற்சியாளரா? அம்மா அப்பாவா?

நான்: யாருமே இல்லை மாமா. என்னைப் பயமுறுத்தியதே அதுதான். பயிற்சியாளர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. இயற்பியல் தனக்கு வராத பாடம் என்பதாலேயே அதை எடுத்துப் படிக்கிறாள். பரீட்சைத் தாளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து எல்லாருக்கும் கடைசியாக எழுந்து போகிறாள். வில்லன் என்று ஒருவன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே திட்ட ஆளே இல்லை.

அண்ணன்: இயக்குநர் லாரன் ஹாடவே கல்லூரியில் துடுப்பு வலித்தவர். இந்தப் படத்துக்கு முன்னால் ‘விப்லாஷ்’ படத்தின் ஒலிப் பணியில் இருந்தவர். இது அவருடைய முதல் முழுநீளப் படம். மூச்சு, துடுப்பு, தண்ணீர், எல்லாச் சத்தமும் அவள் தலைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். ஹெட்போனில் பாருங்கள்.

தங்கச்சி: நான் ஒன்று சொல்லட்டுமா? எல்லாரும் அவளை நோயாளி மாதிரியே பேசுகிறீர்கள். நான் கல்லூரி அணியில் ஓடுகிறேன். நேற்றைவிட அரை நொடி குறைந்தால் வருகிற சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அவளுக்கும் அந்தச் சந்தோஷம் இருந்திருக்கும். அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

சித்தி: இருக்கிறதுடா கண்ணா. விடியற்காலையில் தண்ணீரில் படகு வழுக்கிக்கொண்டு போகிற காட்சிகள் அவ்வளவு அழகு. ஆனால் போகப் போக அது குறைகிறது. பின்பாதியில் அவள் சிரித்த மாதிரியே எனக்கு நினைவில்லை.

நான்: உனக்கும் அவளுக்கும் வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன். நேரம் குறைந்த அன்றைக்கு நீ எங்களுக்கெல்லாம் போன் செய்கிறாய். அவள் நல்ல நேரம் வந்த நாளிலும் அடுத்த ஆளின் நேரத்தைத்தான் பார்க்கிறாள். முன்னேறினாலும் அவளுக்கு நிம்மதி வருவதில்லை.

தங்கச்சி: ம். அது எனக்கும் சில நாள் நடக்கிறது அக்கா. பெயர்ப் பட்டியல் ஒட்டிய அன்றைக்கு முதலில் எனக்கு மேலே யார் என்றுதான் பார்த்தேன்.

அண்ணன்: எல்லாரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சாப்பிட்டுத் தூங்க முடிந்ததா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி: தூங்கினேன் 🙂

சித்தி: பார்ப்பதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற காட்சி வருகிறது. தனியாகப் பார்க்காதே.

தங்கச்சி: சரி சித்தி. அக்காவோடு பார்க்கிறேன். முடிவை மட்டும் யாரும் இங்கே போட்டுவிடாதீர்கள்.

மாமா: நானும் பார்க்கிறேன். வெறி வேண்டும் என்று சொன்னதை இன்னும் விடவில்லை. பார்த்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.

அண்ணன்: வாங்க மாமா. ஜேமி பக்கமா அலெக்ஸ் பக்கமா என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.