சாக்சபோன் எந்தக் குடும்பம்? பள்ளிக் கண்காட்சிக்கு இசைக்கருவிகளை வகைப்படுத்துவதில் ஒரு குழப்பம்

கோத்தகிரி டீச்சர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் நடக்கவிருக்கும் பள்ளிக் கண்காட்சியில் எங்கள் வகுப்புக்கு இசைக்கருவிகள் என்ற தலைப்பு விழுந்திருக்கிறது. கோயில் மேளக்காரர் ஒருவர் பழைய நாகசுரம் ஒன்றையும், தேவாலயப் பாடகர் குழுவினர் ஒரு கிளாரினெட்டையும் ஓர் ஆர்மோனியத்தையும் இரவலாகத் தந்திருக்கிறார்கள். கடம், கஞ்சிரா, ஜால்ரா, ஒரு சங்கு ஆகியவையும் வந்து சேர்ந்துவிட்டன. சாக்சபோனுக்கும் வயலினுக்கும், நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் வாசிக்கும் கோல், கொம்பு ஆகியவற்றுக்கும் படங்கள்தான் இருக்கின்றன.

சிக்கல் பெயர்ப்பலகை எழுதும்போது தொடங்கியது. பாடப்புத்தகப் பழக்கத்தில் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நான்கு மேசைகள் போட்டோம். கடத்தை எந்த மேசையில் வைப்பது என்று தெரியவில்லை, ஏனென்றால் அதில் தோலும் இல்லை, நரம்பும் இல்லை, அது வெண்கலமும் இல்லை. கடையில் வாங்கி வந்த படத்தாளைப் பார்த்தால், அதில் நரம்பு, மரக்காற்று, பித்தளை, தாளம், விசைப்பலகை என்று ஐந்து குடும்பங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன, ஆர்மோனியமும் பியானோவும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. சாக்சபோன் பளபளவென்று பித்தளையாக இருப்பதால் அது பித்தளைக் குடும்பம்தான் என்று ஒரு மாணவி பிடிவாதமாக நிற்கிறாள். இல்லை, அது மரக்காற்றுக் குடும்பம் என்று இன்னொருத்தி படத்தாளைக் காட்டுகிறாள். பித்தளையில் செய்ததை மரம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டால் எனக்கே பதில் தெரியவில்லை. எந்த முறையைப் பின்பற்றினால் குழந்தைகளிடம் காரணத்தோடு விளக்க முடியும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சீவாளி

டீச்சருக்கு வணக்கம். நான் குன்னூரில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாகசுரம். எனக்கு வாசிப்பு வரவில்லை, ஆனால் சீவாளி (நாகசுரத்தின் வாயில் வைத்து ஊதும் பகுதி) கட்டத் தெரியும், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் இரு மாணவிகளில் இரண்டாமவள் சொல்வதே சரி, ஆனால் படத்தாளில் அச்சடித்திருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. கருவி எதனால் செய்யப்பட்டது என்று கேட்பதை விட்டுவிட்டு, வாசிக்கும்போது அதில் முதலில் அதிர்வது எது என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். நாகசுரத்தின் சீவாளியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி, மெலிதாகச் சீவி, கெண்டை என்னும் சிறு உலோகக் குழலைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதன் நுனியை நேராகக் கண்ணுக்கு முன்னால் பிடித்தால் இரண்டு இதழ்களுக்கு நடுவில் ஒரு கோடு போன்ற இடைவெளி தெரியும். எச்சிலில் நனைத்து ஊதும்போது நாக்கு எனப்படும் அந்த இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று அடித்து மூடித் திறக்கின்றன, கீழே உள்ள ஆச்சா மர உலவும் (குழல் உடல்) அதன் அடியில் பொருத்திய அணசும் (விரிந்த வாய்) அந்த அதிர்வைச் சுரமாக்கி வெளியே அனுப்புகின்றன. கோத்தர்களின் கோலும் இப்படி இரட்டை நாக்குள்ள கருவிதான். இரண்டையும் தயங்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

கிளாரினெட்டிலும் சாக்சபோனிலும் ஒற்றை நாக்கு. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியின் உடல் பித்தளைதான், ஆனால் ஒலியைப் பிறப்பிப்பது வாயில் வைக்கும் தட்டை நாக்கு. எனவே அது மரக்காற்று. மரக்காற்று என்பது பழைய பெயர், வெள்ளியில் செய்த மேலைநாட்டுப் புல்லாங்குழலும் அந்தப் பெயரில்தான் அடங்குகிறது. பித்தளைக் குடும்பத்தில் நாக்கே கிடையாது, வாசிப்பவரின் உதடுதான் அதிர்கிறது. இந்தக் கணக்கில் உங்களிடம் இருக்கும் சங்கு டிரம்பெட்டுக்கும் கொம்புக்கும் உடன்பிறப்பு. கடலில் கிடைத்த சங்கைப் பித்தளைக் குடும்பத்தில் வைத்துப் பாருங்கள், குழந்தைகள் ஒருநாளும் மறக்க மாட்டார்கள்.

நம் நால்வகைப் பிரிவு குறைந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். நாட்டிய சாத்திரம் 28ஆம் அத்தியாயத்தில் இதே நான்கைத் ததம் (நரம்பு), அவனத்தம் (தோல்), கனம் (கஞ்சம்), சுஷிரம் (துளை) என்று பிரிக்கிறது. 1870களில் வங்காள இசையறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் பெல்ஜிய மன்னருக்கு நூறு இந்தியக் கருவிகள் அளவில் அன்பளிப்பாக அனுப்பினார். பிரஸ்ஸல்ஸ் இசைக்கல்லூரி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்ட விக்டர் மாகியோன், 1880இல் வெளியிட்ட அட்டவணையில் உலகக் கருவிகளையெல்லாம் நான்காகப் பிரித்தார். அதை விரித்துத்தான் இசை ஆய்வாளர்களான ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் 1914இல் எண் கொடுத்து ஒரு முறையை உருவாக்கினார்கள் (இந்தக் குர்ட் சாக்ஸ் வேறு ஆள், சாக்சபோன்காரர் அல்லர்). அதில் முதல் எண் தன் உடலே அதிரும் கருவிகளுக்கு, இரண்டு தோலுக்கு, மூன்று நரம்புக்கு, நான்கு காற்றுக்கு. மின்கருவிகள் ஐந்தாவதாகப் பின்னர் வந்தன.

கடத்துக்கு இடம் கிடைப்பது இங்கேதான். கஞ்சம் என்றால் வெண்கலம், ஆகவே கஞ்சக்கருவி என்ற நம் பெயர் பொருளைப் பார்த்து வைத்தது. கனம் என்பதையோ ‘தன்னதிர்வு’ என்பதையோ பலகையில் எழுதினால் ஜால்ரா, கடம், ஜலதரங்கக் கிண்ணம், மோர்சிங் எல்லாம் ஒரே மேசைக்கு வந்துவிடும். ஆர்மோனியம் காற்று மேசைக்குப் போகட்டும். துருத்திக் காற்றில் உள்ளே பித்தளை நாக்குகள் அதிர்கின்றன, மவுத் ஆர்கனும் அதே இனம். பியானோவில் சுத்தியல் கம்பியை அடிக்கிறது, அது நரம்பு. விசைப்பலகை என்பதைக் குடும்பம் என்று சொல்வது, கைப்பிடி இருக்கிறது என்பதற்காகக் குடையையும் வாளியையும் ஒரே சாதி என்பதைப் போன்றது.

கஞ்சிராவில் தோலும் உண்டு, சட்டத்தில் சிறு வில்லைகளும் உண்டு. முதன்மை தோலுக்கே. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இரவல் வந்தது பழைய உடும்புத் தோல் கஞ்சிராவாக இருந்தால் காட்சிக்கு வைக்காதீர்கள். உடும்பு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஆட்டுத்தோல் என்றால் கவலையில்லை.

பழைய பேண்டுக்காரர்

சீவாளி எழுதியது முழுவதும் சரி. நான் ஊட்டியில் பல ஆண்டுகள் பேண்டில் கிளாரினெட் வாசித்தவன். இந்த மலையின் குளிரே கருவிகளை இனம் பிரித்துக் காட்டிவிடும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன், ஏனென்றால் சமவெளியில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது.

குடியரசு தினக் காலை, மைதானத்துப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். முதல் நாள் மாலை அறைக்குள் சேர்த்து வைத்த சுருதி அப்போது கலைந்திருக்கும், ஆனால் எல்லாக் கருவிகளும் ஒரே பக்கம் கலைந்திருக்காது. காற்றுக் கருவிகள் எல்லாம் இறங்கியிருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு: 30 டிகிரியில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர், 10 டிகிரியில் சுமார் 337 மீட்டர். இந்த வேறுபாடு அரைச்சுரத்தில் பாதிக்கும் சற்று அதிகம். எஃகுக் கம்பி கட்டிய வயலினும் கிட்டாரும் இதற்கு நேர்மாறு. கம்பி குளிரில் சுருங்கி இறுகுவதால் சுருதி ஏறியிருக்கும். தோல் கருவிக்குக் குளிரைவிட மூடுபனியின் ஈரமே எதிரி, தோல் ஈரத்தை வாங்கித் தளர்ந்து தொப்தொப்பென்று பேசும். ஜால்ராவும் மணியும் மட்டும் எதுவும் நடக்காதது போல அப்படியே இருக்கும். நான்கு குடும்பம், நான்கு நடத்தை.

நான் கிளாரினெட்டின் வாய்ப்பகுதியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே மைதானத்துக்குப் போவேன். வாசிக்கும் முன் துளைகளையெல்லாம் மூடி, ஒலி எழாமல் மெல்லச் சூடான மூச்சை உள்ளே விடுவது வழக்கம். ஒருநாள் அவசரத்தில் அதைச் செய்யாமல் நேரடியாக முழு வேகத்தில் ஊதியதில், உள்ளே சூடும் வெளியே குளிருமாக மேல் துண்டில் முடி அளவு விரிசல் விழுந்துவிட்டது. உங்களுக்கு இரவல் வந்த கிளாரினெட் மரத்தாலானது என்றால் ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம்.

மாணவர்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. கஞ்சிராவின் தோல்மேல் ஒரு சிட்டிகை சாமை அரிசியைத் தூவி, ஓரத்தில் தட்டச் சொல்லுங்கள், அரிசி குதிக்கும். கடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தட்டினால் ஒலி செத்துப்போகும். ஆனால் ஊதிக்கொண்டிருக்கும் நாகசுரத்தின் மர உடலை இறுகப் பிடித்தால் ஒலியில் ஒன்றும் நடக்காது. அதிர்வது மரம் அல்ல, உள்ளே இருக்கும் காற்று என்பதைப் பலகை எழுதிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

கோத்தகிரி டீச்சர்

மிக்க நன்றி, ஐயா. குறுக்கே ஒரு கேள்வி: கிளாரினெட், சாக்சபோன் இரண்டிலும் ஒற்றை நாக்குத்தான் என்றால் ஒலி ஏன் அவ்வளவு வேறுபடுகிறது?

பழைய பேண்டுக்காரர்

குழலின் வடிவம்தான் காரணம், அம்மா. கிளாரினெட்டின் உட்துளை பெரும்பாலும் ஒரே அகலம், சாக்சபோன் கூம்பு. அழுத்தி ஊதி மேலே தாவும்போது சாக்சபோன் ஒரு ஸ்தாயி தாவும், கிளாரினெட் ஒரு ஸ்தாயியும் அதன்மேல் ஒரு பஞ்சமமும் சேர்த்துத் தாவும். நாகசுரமும் கூம்புதான், அதனால் இந்த ஒரு விஷயத்தில் சாக்சபோன் கிளாரினெட்டைவிட நாகசுரத்துக்கு நெருக்கம்.

கோக்கால் ஓரம்

பெரியவர்கள் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் குடும்பம் என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. என் தாய்வழி ஊர் ஒரு கோத்தர் ஊருக்கு அடுத்த மேட்டில் இருக்கிறது. குளிர்காலத்தில் அவர்களுடைய அய்யனோர் அம்மனோர் திருவிழா நாட்களில் கோலின் ஒலி எங்கள் தேயிலைச் சரிவு வரைக்கும் வரும். கோல் தனியாக வருவதில்லை. நீண்ட உருளைப் பறையும், தபட்க் என்னும் தட்டைப் பறையும், இடையிடையே வளைந்த கொம்பும் சேர்ந்துதான் வரும். ஒரு காலத்தில் அக்கம்பக்கத்து மலைச் சமூகங்களான படகர், தோடர் வீட்டு இழவுகளுக்கும் இந்த இசையே போனது. நான்கு மேசை போட்டுக் கோலை ஓரிடத்திலும் பறையை இன்னோரிடத்திலும் வைத்தால், அவை எந்த வீட்டிலும் ஒன்றாக வாழ்ந்ததில்லை என்பது போல ஆகிவிடும்.

தமிழில் ‘மேளம்’ என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. பெரிய மேளம் என்றால் நாகசுரம், தவில், ஒத்து (சுருதி பிடிக்கும் குழல்), தாளம் நான்கும் சேர்ந்தது. அறிவியலின்படி தவில் தோல், ஒத்து காற்று, தாளம் தன்னதிர்வு. வாழ்க்கையின்படி அவை ஒரே பந்தியில் உண்பவை. ஆகவே பிறப்பால் வரும் குடும்பம் ஒன்று, கூடி வாழும் குடும்பம் இன்னொன்று என்று இரண்டையும் காட்டலாம் என்பது என் கருத்து. கோத்தர் கருவிகளுக்குப் படமே போதும், உண்மைக் கருவியை இரவல் கேட்க வேண்டாம் என்றும் சொல்வேன். அவை வழிபாட்டோடு சேர்ந்தவை. நேரில் காட்ட வேண்டும் என்றால், முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வகுப்பை ஒருநாள் அழைத்துப் போகலாம்.

சீவாளி

ஒத்தை மறக்காமல் சொன்னதற்கு நன்றி. இப்போது பல இடங்களில் சுருதிப்பெட்டி வந்து அந்தக் கருவியையே மறக்கச் செய்துவிட்டது.

கோத்தகிரி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. மேசைகள் நான்கும் அப்படியே இருக்கும், பலகையில் கஞ்சக்கருவி என்பதை அடித்துவிட்டுத் தன்னதிர்வுக் கருவி என்று எழுதிவிட்டோம். ஒன்றாக வாசிக்கப்படும் கருவிகளை மேசைக்கு மேசை சிவப்பு நூலால் இணைப்பது என்று மாணவிகளே முடிவு செய்தார்கள். பெரிய மேளத்துக்கு ஒரு நூல், கோத்தர் இசைப் படங்களுக்கு ஒரு நூல். சாக்சபோன் பித்தளை என்று வாதாடியவள் இப்போது சங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறாள், வருகிறவர்களிடமெல்லாம் உதட்டைக் காட்டி விளக்குகிறாள். கஞ்சிரா ஆட்டுத்தோல் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். சாமை அரிசி தயார். தன்னதிர்வு மேசையில் மோர்சிங் மட்டும் இல்லை. நாக்கு உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, யாராவது ஒரு வாரம் தர முடிந்தால் கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு வந்து நானே வாங்கிக்கொள்கிறேன்.