பிளம்ஸும் பன்றிக்கறியும்: மலையில் தணலில் சுடுபவர்கள் பகிர்ந்தவை

குன்னூர்:
மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் நாட்களில் பிளம்ஸ், பீச் இரண்டும் சந்தைக்கு வந்துவிடும். தணலுக்கு வாங்கும்போது நன்கு கனிந்ததைத் தொடாதீர்கள். காம்புப் பக்கம் விரலால் அழுத்தினால் லேசாக மட்டுமே அமுங்க வேண்டும். கனிந்த பிளம்ஸ் சூடு பட்டதும் தோல் உரிந்து கம்பி வழியாகத் தணலில் விழும். சர்க்கரை கருகிய புகை கறியில் ஏறினால் கசப்பு போகவே போகாது.

பிளம்ஸை இரண்டாக வெட்டிக் கொட்டையை எடுத்து, வெட்டிய முகத்தில் மட்டும் எண்ணெய் தடவுங்கள். அந்த முகம் கீழே இருக்கும்படி மிதமான தணலில் 3 நிமிடம், திருப்பிப் போட்டு 1 நிமிடம். சீக்கிரம் திருப்பினால் கம்பியில் ஒட்டிக் கிழியும். கோடு விழுந்த பிறகு தானாகவே விடும். இங்குள்ள நாட்டு பீச் பெரும்பாலும் கொட்டையை ஒட்டிய சதை. முறுக்கிப் பிளக்கப் போனால் நசுங்கிவிடும். கொட்டையைச் சுற்றிக் கத்தியால் நான்கு துண்டாகச் சீவி எடுப்பதே வழி.

கொடைக்கானல்:
மேலே சொன்னதோடு ஒன்று: பழத்தைக் கறியோடு ஊறவைக்கக் கூடாது. நிறைய பேர் பிளம்ஸை அரைத்துத் தடவி இரவு முழுக்க வைக்கிறார்கள். புளிப்பு கறியின் மேல்பரப்பை வெளிறச் செய்து சொரசொரப்பாக்கும், உள்ளே போகாது. தடவிய சர்க்கரையோ கறி வேகும் முன்பே கரியாகும். கறிக்கு உப்புத் தண்ணீர் போதும்: 1 லிட்டர் தண்ணீர், 50 கிராம் உப்பு, 25 கிராம் வெல்லம். ஒரு அங்குல கனத் துண்டுகளுக்கு 3 மணி நேரம். எடுத்துத் துணியால் ஈரம் ஒற்றிவிட்டுச் சுடுங்கள். ஈரத்தோடு போட்டால் கறி வாடுமே தவிர சிவக்காது.

பழம் கடைசியில்தான் சேர வேண்டும், பூச்சாக. அரைக் கிலோ பிளம்ஸ், 75 கிராம் வெல்லம், 8 பல் மலைப்பூண்டு, விரல் நீள இஞ்சி, 6 காய்ந்த மிளகாய், ஒரு டீஸ்பூன் உப்பு. தண்ணீர் விடாமல் மிதமான தீயில் 25 நிமிடம் வேகவைத்து மசித்து வடிகட்டுங்கள். மலைப்பூண்டுக்குக் காரம் அதிகம். சமவெளிப் பூண்டு என்றால் 12 பல் போடலாம். கொட்டைகளை வேகும் முன்பே எடுத்துவிடுங்கள். உடைந்த பருப்பு கலந்தால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது. கறி வெந்த பிறகு, இறக்க 4 நிமிடம் இருக்கும்போது ஒரு பூச்சு, திருப்பி இன்னொரு பூச்சு. அதற்கு மேல் வேண்டாம்.

தாண்டிக்குடி:
விறகைப் பற்றி யாரும் பேசவில்லையே. கவாத்து செய்த காப்பிக் கட்டை கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை: கெட்டியான கட்டை, தணல் நீண்ட நேரம் நிற்கும், புகை மென்மையாக இருக்கும். கொய்யாவும் ஆகும். கற்பூர மரம் என்று மலையில் சொல்லும் தைல மரம் கூடவே கூடாது. கறி மருந்து வாடை அடிக்கும். பைன் கட்டையின் பிசினும் அப்படித்தான். கடைக் கரி வாங்கினால் ஒரு நாள் முன்பே அடுப்பு ஓரம் உலர்த்துங்கள். மூட்டம் இறங்கும் ஊரில் மூட்டைக் கரி ஈரம் இழுத்துவிடும், பற்றவே அரை மணி ஆகும்.

தணலை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். கரி மேல் சாம்பல் பூத்த பிறகே கம்பி. கம்பிக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டி 3 எண்ணும் முன் இழுத்தால் அது கறி சிவக்கும் பக்கம். 6 வரை தாங்கினால் பழத்துக்கான பக்கம். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். துண்டைத் தணல் இல்லாத பக்கம் தள்ளினால் தானே அடங்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலையைக் கம்பியாக வைப்பதும் தவறு. அந்தப் பூச்சு சூட்டில் நச்சுப் புகை விடும். எவர்சில்வர் கம்பிதான் சரி.

அன்னாசி போடுபவர்களுக்கு: வேகவைக்காத அன்னாசிச் சாற்றில் புரதத்தைக் கரைக்கும் நொதி உண்டு. அரை மணிக்கு மேல் ஊறினால் கறியின் வெளிப்பக்கம் களியாகிவிடும். சாற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் அந்த வேகம் போய்விடும். பிளம்ஸிலும் பீச்சிலும் இந்தத் தொல்லை இல்லை.

கோத்தகிரி:
எந்தப் பகுதியை வாங்குவது என்பதில்தான் பாதி வெற்றி. முதுகுக் கறியில் கொழுப்பு குறைவு, இரண்டு நிமிடம் தவறினால் சக்கை. கழுத்தும் தோள்பட்டையும் கொழுப்பு ஊடாடியவை, கொஞ்சம் அதிகம் வெந்தாலும் தாங்கும், பிளம்ஸின் புளிப்புக்கும் அவையே பொருத்தம்.

கறியை வெட்டும்போது வெந்த ஜவ்வரிசி போல, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் இளம்பருவம். முழுதாக ஒதுக்கிவிடுங்கள், கழுவிச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்பதால் உள்சூடு முக்கியம். அமெரிக்க வேளாண் துறை 2011-ல் முழுத் துண்டுகளுக்கான அளவை 71 டிகிரியிலிருந்து 63 ஆகக் குறைத்து, பிறகு 3 நிமிடம் ஆறவிடச் சொன்னது. மேயவிட்டு வளர்க்கும் பன்றியும் விற்பனைக்கு வரும் நம் ஊரில் 71-க்குக் குறையக் கூடாது. வெப்பமானி முனை எலும்பைத் தொடாமல் நடுச்சதையில் இருக்க வேண்டும். இறக்கிய பிறகு சூடு ஏறும் என்று நம்பி 66-ல் எடுக்காதீர்கள். மாலைக் குளிர்காற்றில் திறந்து வைத்த தட்டில் சூடு ஏறாது. சுடவைத்த தட்டில் வைத்து மூடி 5 நிமிடம் விட்டு அறுங்கள்.

காட்டுப்பன்றி கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் திருப்பி அனுப்பிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம்.

ஊட்டி:
விலா எலும்பு சுடுபவர்களுக்கு மட்டும். முதலில் வேகவைத்துத்தான் தணலுக்குக் கொண்டுபோக வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னைக் குறிப்பில் உள்ள நேரத்தை நம்பித் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தால் சதை எலும்பை விடாது. குக்கர்தான் வழி. வெந்த நீரைக் கொட்டாமல் சுண்டவைத்துப் பிளம்ஸ் பூச்சில் இரண்டு கரண்டி கலந்தால் புளிப்பு அடங்கி உருண்டு வரும்.

குன்னூர்:
பூச்சு மிஞ்சினால் பச்சைக் கறியைத் தொட்ட தூரிகையை அதில் விடாதீர்கள். தொட்டுக்கொள்ளத் தனிக் கிண்ணத்தில் முதலிலேயே எடுத்து வைத்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

கோத்தகிரி:
பிளம்ஸ் கொட்டை, தோல், கொழுப்பு வழிந்த கம்பி எதையும் இரவு வெளியே விடாதீர்கள், கரடி வந்துவிடும். கம்பியைச் சூடு இருக்கும்போதே பாதி வெங்காயத்தால் தேய்த்துத் துடைத்து உள்ளே வையுங்கள். தணலைத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்தால் குளிர்ந்திருக்கும் வரை ஊற்றுங்கள். வெயில் காலத்துப் புல் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.