பழைய ஃபைபர் படகு வாங்கியிருக்கிறோம், விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணன்மாருக்கு வணக்கம். நானும் தம்பியும் காசிமேட்டில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருக்கிறோம். 40 குதிரைத்திறன் யமஹா, டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின். முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே மெலிதாகத்தான் வருகிறது. தண்ணீரை இழுத்துத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்குமா, உப்பு அடைத்திருக்குமா? கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பெரிய கவலை பின்பலகைதான். இன்ஜின் மாட்டிய இடத்தில் தட்டினால் சத்தம் மந்தமாக இருக்கிறது. உள்ளே மரம் ஊறியிருந்தால் மேலே பிசின் பூசி மறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை, உயிர் சம்பந்தப்பட்டது. பிரித்துப் புதுப் பலகை வைத்துத் தரும் நல்ல கைக்காரர் வடசென்னையில் இருந்தால் சொல்லுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும்.

கரை திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினை ஓட்டுகிறோம். வேறென்ன பார்க்க வேண்டும்?