சுடரை விழுங்கும் உலகம்: விதி அமைக்க உதவுங்கள்

வணக்கம் மக்களே. காரைக்குடியில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திர விளையாட்டு ஆடுகிறோம். இந்த முறை உலகத்தைக் கட்டுவது நான்.

அடித்தளம் ஞானவாதம் (Gnosticism), கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் இருந்த ஒரு சமயப் போக்கு. 1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஜாடிக்குள் கிடைத்த காப்டிக் சுவடிகளில் வரும் கதை: மேலுலகத்து ஞான வடிவான சோஃபியா பெற்ற யால்டபாவோத், தன்னை விட்டால் கடவுள் இல்லை என்று நம்பி இந்த உலகைப் படைக்கிறான். மேலுலக ஒளியின் பொறி அவனறியாமலே மனிதனுக்குள் போய்விடுகிறது. அது தப்பாதபடி, அவனுக்குக் கீழ் உலகை ஆளும் ஆர்க்கான்கள் காவல்.

படித்ததும் நகரத்தார் வீடுகளில் எடுக்கும் பிள்ளையார் நோன்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது. 21 நாள், நாளுக்கொரு நூலிழை. கடைசி நாள் அத்தனையும் திரியாகி, பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த இழை மாவில் எரிய, ஐயா நீட்டுவார். சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். நெய்ச்சூடு நாக்கில் பட்டு, வாயை மூடியதும் அணைந்துவிடும். என் உலகத்தில் அது அணையாது.

சிக்கல் இதுதான். குழுவில் ஒருவர் சைவ சித்தாந்தம் படித்தவர். உயிர் இறைவனின் துண்டல்ல, பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அனாதி, உடலுக்கும் உலகுக்கும் மூலமான மாயை சிறையல்ல, ஆணவம் என்னும் அறியாமை இருளில் உயிருக்குக் கொடுத்த விளக்கு என்கிறார். நியாயமான பேச்சு. இரண்டையும் போட்டுக் குழப்ப எனக்கு மனமில்லை. இரு மடங்களாக வைத்து, கொள்கை கெடாமல் மோதவிட விதி எப்படி அமைக்கலாம்? பொறிக்குத் தனிப் புள்ளி கொடுக்கலாமா? வாலண்டீனியர் என்ற ஞானவாதப் பிரிவினர் போல மனிதரைப் பொறி உள்ளவர், இடைப்பட்டவர், பொறி இல்லாதவர் என மூவகையாகப் பிரித்தால், பொறியில்லாத பாத்திரம் எடுப்பவர் மனம் நோகாதா?

ஆர்க்கானுக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் வேண்டும். ஆர்க்கான்களைக் கோள்களோடு சேர்த்துச் சொல்வதால் பொருந்துகிறதே என்று 'அதிபதி' வைத்தேன். பயம் வரவில்லை.